வாந்தி பயத்தோடு நர்சிங் படிப்பவர்களுக்கு: எதை வாங்கலாம், எதை விடலாம், யாரிடம் போகலாம்

ரத்தத்தைக் கண்டு மயங்கி விழும் மாணவியை ட்யூட்டர்கள் முதல் வாரமே அடையாளம் கண்டுகொள்வார்கள். வாந்தியைக் கண்டு நடுங்குபவர் அப்படிச் சிக்கமாட்டார். பக்கத்துக் கட்டிலில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டதும் மருந்து எடுத்து வருவதாகச் சொல்லி நகர்ந்துவிடுவார். ட்யூட்டிக்கு முன்னால் சாப்பிடமாட்டார். வயிற்றுப்போக்கு கேஸ் வந்த நாளில் யூனிஃபார்மை மூன்று தரம் அலசுவார். இப்படியே ஒளிந்து ஒளிந்து இரண்டாம் வருடம் வரை வந்துவிட்டு, ஒருநாள் படிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் இந்த மதிப்புரை.

எமிட்டோஃபோபியா என்று சொல்லப்படும் இந்த வாந்தி பயம் அருவருப்பின் கொஞ்சம் பெரிய வடிவம் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 நோய் வகைப்பாட்டில் குறிப்பிட்ட பொருள் அல்லது சூழல் மீதான பயங்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிற நோய்நிலை. ரத்த பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கை கால் தசைகளை இறுக்கிப் பிடிக்கச் சொல்வது அதற்காகத்தான். வாந்தி பயத்தில் படபடப்பு ஏறும், கை வியர்க்கும், வயிறு பிசையும். மயக்கம் பெரும்பாலும் வராது. ஆகவே அந்தத் தசைப் பயிற்சியை இதற்குச் சொல்லிக்கொடுத்தால் பலன் இருக்காது. இன்னொன்று, இந்த பயம் உள்ள பலருக்கு உள்ளூர இருப்பது தான் வாந்தி எடுத்துவிடுவோமோ என்ற பயம். நோயாளி எடுப்பதைப் பார்க்கும்போது ‘இது எனக்கும் ஒட்டிக்கொள்ளும்’ என்றுதான் மனம் ஓடுகிறது. உங்களுக்கு எது பெரிது, பார்ப்பதா, ஒட்டிக்கொள்வதா, நாலு பேர் முன்னால் எடுத்துவிடுவதா என்று முதலில் பிரித்துக்கொண்டால் கீழே சொல்லும் பொருள்களில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே கேள்வியால்தான் அளந்திருக்கிறோம்: இது உங்களைக் கட்டிலருகே நிற்க வைக்கிறதா, அங்கிருந்து விலக வைக்கிறதா? விலக வைக்கும் பொருள் அன்றைக்கு நிம்மதி தரும். அடுத்த நாள் பயம் கொஞ்சம் கூடியிருக்கும்.

வளையம் வைத்த வாந்திப் பை

பட்டியலில் முதலில் வாங்க வேண்டியது இது. வாயில் கடினமான பிளாஸ்டிக் வளையம், அதிலிருந்து தொங்கும் நீளமான பை, பக்கவாட்டில் மில்லிலிட்டர் அளவுக்கோடுகள். பெரும்பாலும் 1000 அல்லது 1500 மி.லி. கொள்ளும். நம் வார்டுகளில் பழக்கத்தில் இருப்பது சிறுநீரக வடிவில் வளைந்த ஸ்டீல் கிட்னி ட்ரேதான். பஞ்சு வைக்க, ஊசி எடுத்துப்போக, வாய் கழுவிய தண்ணீரைப் பிடிக்க அது போதும். வாந்திக்கு அது பொருந்தாது. ஆழம் குறைவு, வாய் அகலம். வேகமாக வந்தால் எதிர்ப் பக்கம் மோதித் தெறிக்கும். நிரம்பிய ட்ரேயை இரண்டு கையாலும் ஏந்தி, உள்ளே அலையடிப்பதைப் பார்த்தபடியே கழிவைக் கொட்டிக் கழுவும் ஸ்லூயிஸ் ரூம் வரை நடக்க வேண்டும். பயம் உள்ளவருக்கு வாந்தியைவிட அந்த நடைதான் கொடுமை. பையில் அந்த நடை இல்லை. கழுத்தைத் திருகி வளையத்தில் உள்ள பிளவில் செருகினால் மூடிக்கொள்ளும்; வாசனையும் அடங்கும்.

பிடிக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். பையின் அடியைத் தாங்கக்கூடாது. சூடு கையில் தெரிந்து தூக்கிவாரிப்போடும். அழுத்தினால் மேலே பீறிடவும் செய்யும். வளையத்தை மட்டும் ஒரு கையால் பிடித்து, அதன் விளிம்பு நோயாளியின் தாடையில் படும்படி, கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பை தன் பாட்டுக்குத் தொங்கட்டும். மற்றொரு கை நோயாளியின் தோளுக்குப் பின்னால். நேர் எதிரே நிற்காமல் தலைமாட்டுப் பக்கம், தோளை ஒட்டி நின்றால் தெறிக்காது, முகத்துக்கு நேராகப் பார்க்கவும் வேண்டியதில்லை. நோயாளியை ஒருக்களித்தோ நிமிர்த்தி உட்கார வைத்தோ பிடியுங்கள். மல்லாக்க விட்டால் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, அடித் தையல். மலிவான பைகள் அடியில்தான் விடுகின்றன. பாக்கெட்டிலிருந்து ஒரு பையை எடுத்து அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, வளையத்தைப் பிடித்து ஐந்து நிமிடம் தொங்கவிட்டால் தெரிந்துவிடும். இரண்டு, உள்ளே இருப்பது தெரிய வேண்டும். பயம் உள்ளவர்கள் இயல்பாகவே நீலம், பச்சை என்று கண்ணுக்குத் தெரியாத பையைத் தேடுவார்கள். அதை வாங்காதீர்கள். வாந்தியைப் பார்ப்பது நர்ஸின் வேலையில் ஒரு பகுதி. காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு இருக்கலாம். பச்சையாகப் பித்தம் வந்தால், அதுவும் பிறந்த குழந்தைக்கு வந்தால், குடலடைப்பா என்று டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடித்து வந்தவரின் வாந்தியில் அந்த மருந்து வாடையே துப்பு. அளவு, நிறம், உள்ளே என்ன, எத்தனை மணிக்கு: இந்த நான்கையும் நோயாளிக்குள் போனதையும் வெளியே வந்ததையும் குறிக்கும் ஐ.ஓ. சார்ட்டில் எழுதியாக வேண்டும். வெள்ளையாக மங்கித் தெரியும் பை போதும். நிமிர்த்திப் பிடித்து அளவைப் படித்துக்கொண்டு மூடிவிடலாம். பை மடங்கியிருந்தால் அளவு தப்பும் என்பதால் படிக்கும் முன் ஒரு தட்டு தட்டி நேராக்குங்கள்.

நுட்பமான குறை ஒன்று உண்டு. உறைய வைக்கும் தூள் உள்ளேயே இருக்கும் பைகள் வருகின்றன. டயபரில் இருக்கும் அதே சோடியம் பாலிஅக்ரிலேட்தான். திரவம் பட்டதும் ஜெல்லாகிவிடும்; சிந்தாது, அலையடிக்காது. ஆம்புலன்ஸிலும், வெளியூர்ப் பயணத்தில் நோயாளியோடு போகும்போதும் அருமையான பொருள். வார்டில் அவ்வளவு ஒத்துவராது, ஏனென்றால் ஜெல்லை ஸ்லூயிஸில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். சாதாரணப் பை என்றால் உள்ளிருப்பதைக் கொட்டிவிட்டுப் பையைச் சிவப்புத் தொட்டியில் போடலாம். துடைத்த பஞ்சும் டிஷ்யூவும் மஞ்சளுக்கு. ஜெல் பை எந்த நிறத்துக்குப் போகும் என்று உங்கள் மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆல்கஹால் ஸ்வாப்

ஊசி போடும் முன் தோலைத் துடைக்க வைத்திருக்கும் அதே 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஸ்வாப். நூறு கொண்ட பெட்டி எந்த சர்ஜிகல் கடையிலும் கிடைக்கும். பிரித்து மூக்குக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே பிடித்து, மூக்கு வழியாக ஆழமாக இழுத்தால் குமட்டல் தணியும். இது பாட்டி வைத்தியம் இல்லை. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் அவசரப் பிரிவுக்குக் குமட்டலோடு வந்த 122 பேரிடம் செய்து 2018ல் வெளியான ஆய்வில், ஸ்வாப்பை முகர்ந்தவர்களுக்கு வாந்தி தடுக்கும் ஒண்டான்செட்ரான் மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிடக் குமட்டல் நன்றாகக் குறைந்தது.

நோயாளிக்கு இதைச் செய்துகாட்டுவதுதான் இதன் சிறந்த பயன். ‘இதை மோந்து பாருங்கம்மா, நல்லா இழுத்து விடுங்க’ என்று சொல்லும்போது நர்ஸின் கைக்கும் வாய்க்கும் வேலை கிடைக்கிறது. வாந்தியே வராமலும் போகலாம். தனக்காகக் கைப்பையில் நாலு ஸ்வாப் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் குமட்டல் இல்லாதபோதே, வந்துவிடுமோ என்று மணிக்கொரு தரம் முகர ஆரம்பித்தால், ஸ்வாப் இல்லாத நாளில் வார்டுக்குள் நுழையவே முடியாமல் போகும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மாஸ்க், தைலம்

மூன்றடுக்கு சர்ஜிகல் மாஸ்க் போதும். என்95 துகளைத்தான் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது. வாடைக்காக அதை வாங்கினால் மூச்சு முட்டுவதுதான் மிச்சம். அதன்மேல் நீலகிரித் தைலம் தடவுவது இன்னும் மோசம். என் என்ற எழுத்துக்கே எண்ணெயைத் தாங்காது என்றுதான் பொருள். வடிகட்டும் திறன் கெட்டுவிடும். மூக்கின் கீழ் தைலமோ விக்ஸோ கொஞ்சம் தடவிக்கொண்டு மேலே சர்ஜிகல் மாஸ்க் போடுவது சிலருக்கு ஒத்துவருகிறது. ஆனால் சில வாரத்தில் அந்தத் தைல வாசனையே வாந்தியை நினைவூட்ட ஆரம்பித்துவிடும். தினமும் வேண்டாம்.

சிந்தினால் சுத்தம் செய்யும் கிட்

தயாராகக் கட்டி விற்பதை வாங்கத் தேவையில்லை. மாணவி கையிலிருந்து செலவழிக்கவே வேண்டாம், வார்டில் இருப்பதே போதும். தெரிந்திருக்க வேண்டியது வரிசை. அந்த வரிசை தவறும்போதுதான் ஓங்கரிப்பு வருகிறது. தரையில் கிடக்கும் வாந்தியின்மேல் நேராக ஹைப்போகுளோரைட்டை, அதாவது பிளீச்சை, ஊற்றுவது எங்கும் நடக்கும் தவறு. வாந்தியில் அமிலம் இருக்கிறது. பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும், பக்கத்தில் நிற்பவருக்கும் குமட்டும்.

கையுறை, ஏப்ரன், மாஸ்க் போட்டபின் முதலில் உறிஞ்சும் தாளையோ பழைய துணியையோ மேலே போட்டு மூடுங்கள். மூடியதும் பார்வையிலிருந்து மறையும், தெறிப்பதும் நிற்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அள்ளி மஞ்சள் பையில் போடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அதற்கப்புறம்தான் ஹைப்போகுளோரைட். ஐந்து சதவீதக் கரைசல் என்றால் 100 மி.லி.க்கு 900 மி.லி. தண்ணீர் கலந்தால் 0.5 சதவீதம், அதாவது 5000 பி.பி.எம். கிடைக்கும். பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடைத்தெடுங்கள். அன்றன்று கலக்க வேண்டும்; நேற்றைய கரைசலில் வீரியம் இருக்காது.

ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் பெரிதாக உள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: கூட்டமாக வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும் நோரோவைரஸுக்கு வெளிக் கொழுப்புறை கிடையாது. அதனால் ஆல்கஹால் ஹேண்ட்ரப் அதனிடம் சரியாகச் செல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. பாட்டில் பாட்டிலாக சானிடைசர் வாங்குபவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். ஒரு தரம் ஒழுங்காக, நாற்பது அறுபது விநாடி கழுவிவிட்டால் அத்தோடு முடிந்தது. மூன்றாம் தரம் கழுவுவது கிருமிக்காக இல்லை, பயத்துக்காக.

வாந்தி தடுக்கும் மாத்திரை

கடையில் கேட்டால் எமசெட் கொடுத்துவிடுவார்கள். ஒண்டான்செட்ரானின் வணிகப் பெயர் அது. ட்யூட்டிக்கு முன் ஒன்று போட்டுக்கொண்டு போகும் பழக்கம் பல ஹாஸ்டல்களில் உண்டு. இதைப் பரிந்துரைக்க முடியாது. ஒண்டான்செட்ரானுக்குத் தலைவலி, மலச்சிக்கல் சாதாரணம். இ.சி.ஜி.யில் தெரியும் இதயத் துடிப்பின் க்யூ.டி. இடைவெளியை நீட்டும் தன்மையும் அதற்கு உண்டு. இன்னொரு வாந்தி மாத்திரையான அவோமின் போட்டால் தூக்கம் வரும். மருந்து அளந்து கொடுக்கும் கையில் தூக்கம் ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரை போட்டதால்தான் இன்று எடுக்கவில்லை என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். போடாமலும் எடுத்திருக்கமாட்டீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அன்றோடு போய்விடும்.

சிகிச்சை

மேலே சொன்னவை கைக்கு உதவும். பயம் தணிய வேண்டுமானால் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் (எக்ஸ்போஷர்) நடத்தைச் சிகிச்சைக்குத்தான் போக வேண்டும். சிகிச்சையாளரோடு உட்கார்ந்து ஓர் ஏணி எழுதுவார்கள். வாந்தி என்ற சொல்லை எழுதுவது, கார்ட்டூன் படம், புகைப்படம், சத்தம் மட்டும், வீடியோ, போலி வாந்தி, பிறகு வார்டு. ஒவ்வொரு படிக்கும் பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, முப்பது நாற்பது வரும் படியில் தொடங்குவார்கள். கூடவே, காலாவதித் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, வெளியே சாப்பிடாமல் இருப்பது, மாத்திரை வைத்துக்கொள்வது போன்ற பாதுகாப்புப் பழக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். இதைச் செய்யாமல் வீடியோ மட்டும் காட்டும் சிகிச்சை பாதியில் நின்றுவிடும்.

நர்சிங் மாணவிக்கு இதில் மிகவும் பயன்படுவது போலி வாந்திப் படி. குழைந்த சாதம் அரை கப், துருவிய கேரட் ஒரு ஸ்பூன், புளித்த தயிர் இரண்டு ஸ்பூன், வினிகர் ஒரு ஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர். கலக்கி அரை மணி நேரம் விட்டால் நிறமும் வாடையும் திகைக்க வைக்கும் அளவுக்கு ஒத்திருக்கும். அதைப் பையில் ஊற்றி அளவைப் படிப்பது, நிறத்தை எழுதுவது, மூடுவது, கொட்டுவது. கடைசியாகத் தரையில் கொட்டி மேலே சொன்ன வரிசையில் சுத்தம் செய்வது. முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தால் கணக்கில் சேராது. பார்த்துக்கொண்டே, பயம் ஏறி இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். இதைத் தனியாக ஹாஸ்டல் அறையில் தொடங்காமல் சிகிச்சையாளர் படி போட்டுக் கொடுத்தபின் செய்யுங்கள்.

யாரிடம் போவது? முதல் அடிக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி மானஸ் 14416 நல்ல சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அழைக்கும்போது ‘டென்ஷனா இருக்கு’ என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான ஆறுதல்தான் கிடைக்கும். ‘நர்சிங் படிக்கிறேன், வாந்தியைப் பார்த்தால் வார்டில் நிற்க முடியவில்லை, நடத்தைச் சிகிச்சை வேண்டும், எங்கள் மாவட்டத்தில் யாரைப் பார்க்கலாம்’ என்று கேளுங்கள். வாராவாரம் செய்ய வேண்டிய ஏணிச் சிகிச்சையைத் தொலைபேசியில் எதிர்பார்க்கக்கூடாது. அது வழிகாட்டி அனுப்பும் இடம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவை அடுத்த கட்டம். தனியாரிடம் போனால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று கேட்டுவிட்டு, ‘வாந்தி பயத்துக்கு எக்ஸ்போஷர் செய்வீர்களா’ என்று நேராகக் கேளுங்கள். மூச்சுப் பயிற்சியும் தியானமும் மட்டும் சொல்பவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

போஸ்டிங் வரிசை

கல்லூரியிடம் விலக்கு கேட்காதீர்கள், வரிசையைக் கேளுங்கள். பி.எஸ்சி.யோ ஜி.என்.எம்.மோ, குறித்த மணி நேரத்தை எல்லா வார்டிலும் முடித்தாக வேண்டும். விலக்கு கிடைத்தாலும் பின்னால் வந்து நிற்கும். நம்பகமான ஒரு ட்யூட்டரிடம் மட்டும் சொல்லி, எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும்படி அமைத்துத் தரச் சொல்லலாம்.

பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் தொடங்குவது நல்லது. கைக்குழந்தை பால் கக்குவது கொஞ்சம்தான், துடைத்தால் தீர்ந்தது. அடுத்தது ஆபரேஷனுக்குப் பிந்தைய ரெக்கவரி. அங்கே யாருக்கு வாந்தி வரும் என்று ஓரளவு முன்பே கணிக்க முடியும். 1999ல் வெளியான ஆப்ஃபெல் மதிப்பெண்ணில் நான்கே கேள்வி: பெண்ணா, புகைபிடிக்காதவரா, முன்பு ஆபரேஷனுக்குப் பின்னோ பயணத்திலோ வாந்தி எடுத்தவரா, ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்து உண்டா. ஒன்றும் இல்லையென்றால் குமட்டலோ வாந்தியோ வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 20, 40, 60, நான்கும் இருந்தால் 80. நம் ஊரில் பெண் நோயாளிகள் பலர் முதல் இரண்டு கேள்வியிலேயே மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். மூன்று வந்தால் பையைப் பிரித்து நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, வாயில் தேங்கியதை உறிஞ்சும் சக்‌ஷன் வேலை செய்கிறதா என்று ஒரு தரம் போட்டுப் பாருங்கள். தாடையைக் கம்பியால் கட்டிய நோயாளி என்றால் தலைமாட்டில் கம்பி வெட்டும் கட்டர் இருக்கிறதா என்பதை ட்யூட்டி ஏற்கும்போதே பார்க்க வேண்டும்.

கீமோ வார்டை அதன்பின் வைக்கலாம். பலர் நினைப்பதுபோல் அங்கே எந்நேரமும் வாந்தி இல்லை. சிஸ்பிளாட்டின் போன்ற கடுமையான மருந்துக்கு முன்பே, வாந்தி தடுக்க ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், கூடவே அப்ரெபிடன்டோ ஒலான்சபீனோ கொடுத்துவிடுவார்கள். முதல் நாள் தப்பியவருக்கும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வரலாம் என்பதால் வீட்டுக்குப் போகும்போது சொல்லி அனுப்புவதும் நர்ஸின் வேலை. கேஷுவாலிட்டி கடைசி. குடிபோதை, பூச்சிமருந்து, தலையில் அடி என்று முன்னறிவிப்பு இல்லாமல் வரும் இடம் அது. முதல் வாரம் ஸ்டாஃப் சிஸ்டர் ஒருவரோடு ஜோடியாக நிற்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: பை பிடிப்பது நீங்கள், சக்‌ஷன் அவர். இரண்டாம் வாரம் சக்‌ஷனை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம்.